கடவுள் என்னை விரும்புகிறாரா? – புனித பிரான்சிஸ் சலேசியார் கண்ட விடை

ஒவ்வோர் ஆண்டும் சனவரி 24ஆம் நாள் தாய்த் திருச்சபை புனித பிரான்சிஸ் சலேசியாரை நினைவுகூர்கிறது. எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் அவர் பாதுகாவலர். 1923ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரை அவ்வாறு அறிவித்தார். சாந்த குணத்திற்கு எடுத்துக்காட்டாக அவரைச் சொல்வது நம் மறையுரைகளில் வழக்கம். கடுஞ்சொல் பேசாதவர், எதிர்த்தவரையும் இன்முகத்தோடு ஏற்றவர் என்று நாம் சிறு வயது முதலே கேட்டு வந்திருக்கிறோம்.

ஆனால் அந்தச் சாந்தம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததன்று. பத்தொன்பது வயதில் ஏறக்குறைய ஆறு வாரங்கள் அவர் உண்ணவும் உறங்கவும் முடியாமல் தவித்தார். கடவுள் என்னை மீட்க விரும்புகிறாரா அல்லது என்னை என்றென்றைக்கும் தள்ளிவிட்டாரா என்ற ஒரே கேள்விதான் அவரை அப்படி வாட்டியது. அந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடையே பிற்பாடு அவருடைய வாழ்வாகவும் போதனையாகவும் எழுத்தாகவும் மலர்ந்தது.

இந்தக் கேள்வி நமக்கும் அந்நியமானதன்று. ஒரே பாவத்தில் மீண்டும் மீண்டும் விழுந்து, ஒப்புரவு அருளடையாளத்திற்கு வரவே கூசி நிற்கும் சகோதரர்களை நாம் அறிவோம். துன்பத்திற்கு மேல் துன்பம் வரும்போது, என் தலையெழுத்தே இப்படித்தான், கடவுளுக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று கண்ணீர் விடும் தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களை மனத்தில் கொண்டே இப்புனிதரின் வாழ்வை இங்கே சிந்திக்க விரும்புகிறோம்.

ஜெனீவாவின் நிழலில்

பிரான்சிஸ் 1567ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், சவோய் நாட்டில் தொரென்ஸ் என்ற ஊரில் இருந்த சேல்ஸ் மாளிகையில், உயர்குடிக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். அந்நாடு இன்று பிரான்சின் கிழக்குப் பகுதியாக உள்ளது. ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த அப்பகுதிக்கு வடக்கே, ஏரிக்கரையில், ஜெனீவா நகர் இருந்தது. அந்நகரே அவர்களுடைய மறைமாவட்டத்தின் தலைநகர். ஆனால் அங்கே ஆயர் இல்லை. 1530களில் நகரம் சீர்திருத்த இயக்கத்தைத் தழுவியபோது ஆயரும் பேராலயக் குருக்களும் வெளியேற நேர்ந்தது. அதன்பின் ஜெனீவாவின் ஆயர்கள் அன்னசி என்ற சிற்றூரில் தங்கியே தங்கள் மக்களை மேய்த்து வந்தனர்.

பிரான்சிஸ் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1564இல், ஜெனீவாவில் ஜான் கால்வின் மறைந்தார். அவர் பிரான்சின் நொயோன் நகரில் 1509இல் பிறந்தவர், சட்டம் பயின்றவர், கூர்மதியும் கடும் உழைப்பும் உடையவர். கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளை விளக்கி அவர் எழுதிய பெரிய நூல் 1536இல் முதன்முதலாக வெளிவந்தது. அதைத் தம் வாழ்நாள் முழுவதும் விரிவுபடுத்தி வந்தார், இறுதி இலத்தீன் பதிப்பு 1559இல் வந்தது. கடவுளின் மாட்சியே எல்லாவற்றிலும் முதன்மையானது, மனிதனின் மீட்பு முழுவதும் அருளின் கொடையே, மனிதன் அதில் பெருமை பாராட்ட இடமில்லை என்பது அவருடைய உள்ளக்கிடக்கை. இதுவரை நாமும் அவரோடு உடன்படலாம்.

ஆனால் அவர் இங்கே நிற்கவில்லை. சிலர் நற்செய்தியை ஏற்கிறார்கள், வேறு சிலர் ஏற்கவில்லை, இதற்குக் காரணம் என்ன என்று அவர் கேட்டார். கடவுள் உலகம் உண்டாகும் முன்பே சிலரை நிலைவாழ்வுக்கென்றும் மற்றவரை அழிவுக்கென்றும் முன்குறித்து விட்டார் என்று விடையளித்தார். இத்தீர்மானம் கேட்பவரை நடுங்கச் செய்வது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் இறைநூல் இதையே கற்பிக்கிறது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

அப்படியானால் எல்லா மனிதரும் மீட்புப் பெறவேண்டும் என்று கடவுள் விரும்புகிறார் எனத் திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் கூறுகிறதே, அதற்கு என்ன பொருள்? எல்லா மனிதரும் என்றால் ஒவ்வொரு தனி மனிதரும் அன்று, அரசர் முதல் ஏழை வரை எல்லா வகையினரும் என்றே பொருள் என்று கால்வின் விளக்கினார். கடவுள் எல்லாரையும் மனந்திரும்ப அழைக்கிறார், இது அவர் வெளிப்படுத்தியுள்ள விருப்பம். யார் உண்மையில் மனந்திரும்புவர் என்பது அவருடைய மறைவான தீர்மானம். நம் கண்ணுக்கு இவை இரண்டாகத் தோன்றினாலும் கடவுளின் விருப்பம் ஒன்றே என்றும் அவர் கூறினார்.

கால்வினுக்கு நாம் நியாயம் செய்ய வேண்டும். இந்தப் போதனையை அவர் மக்களை அச்சுறுத்தச் சொல்லவில்லை. தம் மீட்பு தம் வலுவற்ற கைகளில் இல்லை, கடவுளின் கையில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கை கொண்டோர் ஆறுதல் பெறவே சொன்னார். கடவுளின் மறைவான தீர்மானத்தைத் துருவித் துருவிப் பார்க்காதீர்கள், கிறிஸ்துவையே பாருங்கள் என்று அவரே எச்சரித்தார். ஆயினும் எல்லாரும் அதில் ஆறுதல் காணவில்லை. 1551இல் போல்செக் என்ற மருத்துவர் ஜெனீவாவிலேயே இப்போதனையை வெளிப்படையாக எதிர்த்தார், நகரிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

பாரிசில் ஆறு வாரங்கள்

இளம் பிரான்சிசை அவருடைய தந்தை உயர்கல்விக்காகப் பாரிஸ் நகருக்கு அனுப்பினார். தேயாஜ் என்ற குரு உடன் இருந்து அவரைக் கவனித்துக்கொண்டார். இயேசு சபையினர் நடத்திய கிளேர்மோன் கல்லூரியில் பிரான்சிஸ் இலக்கியமும் மெய்யியலும் பயின்றார். மகன் சட்டம் படித்து அரசவையில் உயர்ந்த பதவி பெறவேண்டும் என்பது தந்தையின் கனவு. மகனோ இறையியலிலும் நாட்டம் கொண்டு, ஓய்வு நேரங்களில் அவ்வகுப்புகளுக்கும் சென்று வந்தார். ஜெனெப்ரார் என்ற அறிஞர் இனிமைமிகு பாடல் நூலைக் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையிலான அன்பின் கதையாக விளக்கியதைக் கேட்டு அவர் உள்ளம் நெகிழ்ந்தார்.

அக்காலத்தில் பிரான்சு நாடு சமயப் போர்களால் சிதைந்து கிடந்தது. முன்குறித்தல் பற்றிய விவாதம் கால்வினியரிடம் மட்டும் நடந்ததன்று, கத்தோலிக்கக் கல்விக்கூடங்களிலும் சூடாக நடந்தது. புனித அகுஸ்தீனாரின் நூல்களிலும் புனித தாமஸ் அக்குவினாசின் நூல்களிலும் உள்ள சில கடினமான பகுதிகளை, கடவுள் சிலரை மட்டுமே தேர்ந்துகொண்டார் என்ற பொருளில் பலர் விளக்கினர். இவற்றையெல்லாம் கேட்ட பிரான்சிசின் உள்ளத்தில் ஓர் எண்ணம் முள்ளாகத் தைத்தது. எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்றால், நான் எந்தப் பக்கம் இருக்கிறேன்?

1586ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய இச்சோதனை 1587 தொடக்கம் வரை நீடித்தது. எவ்வளவு செபித்தாலும் வானம் மூடியே இருப்பதாக அவருக்குத் தோன்றியது. உணவு இறங்கவில்லை, உறக்கம் வரவில்லை, உடல் மெலிந்து நிறம் மாறியது. தேயாஜ் அடிகளார் காரணம் புரியாமல் கலங்கினார். நண்பர்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிரான்சிசின் வேதனை நரகத்தில் வேகப்போகிறோமே என்பதைப் பற்றியதன்று. தாம் இவ்வளவு அன்பு செய்யும் கடவுளை முடிவில்லாக் காலத்துக்கும் அன்பு செய்ய முடியாமல் போய்விடுமே என்பதே அவரைக் கொன்றது.

ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில், புனித ஸ்தேவான் பெயரால் இருந்த ஓர் ஆலயத்தில் அவர் நுழைந்தார். அங்கே அன்னை மரியாவின் கறுப்புநிறத் திருவுருவம் ஒன்று வணங்கப்பட்டு வந்தது. அதன்முன் முழந்தாளிட்ட பிரான்சிஸ் தம் போராட்டத்தைக் கைவிட்டார். தம் பெயர் எங்கே எழுதப்பட்டுள்ளது என்று அறியும் உரிமையைக் கேட்பதை நிறுத்தினார். மறுவாழ்வில் உம்மை அன்பு செய்யும் பேறு எனக்கு இல்லை என்றாலும், இவ்வுலகில் உயிரோடு இருக்கும் வரை, ஒவ்வொரு மணி நேரமும் உம்மையே அன்பு செய்வேன் என்ற கருத்தில் தம்மையே கடவுளிடம் கையளித்தார். பிறகு அருகில் பலகையில் ஒட்டப்பட்டிருந்த செபத்தை எடுத்துச் சொன்னார். புனித பெர்நார்துவின் பெயரால் வழங்கும், நம் இல்லங்களிலும் சொல்லப்படும் இரக்கமுள்ள தாயை நோக்கிய மன்றாட்டு அது. சொல்லி முடித்து எழுந்தபோது, தொழுநோயாளியின் உடலிலிருந்து செதில்கள் உதிர்வதுபோல அந்த வேதனை தம்மைவிட்டு விழுந்ததாக அவர் உணர்ந்தார்.

அந்த ஆலயம் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திற்குப் பின் இல்லாமல் போயிற்று. ஆனால் அந்தத் திருவுருவம் காப்பாற்றப்பட்டு, பாரிசை அடுத்த நெய்யி நகரில் துறவற சகோதரியர் இல்லமொன்றில் பாதுகாக்கப்படுகிறது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பிரான்சிசுக்கு விடுதலை எப்படி வந்தது? நீ தேர்ந்துகொள்ளப்பட்டவன் என்று வானதூதர் யாரும் வந்து அறிவிக்கவில்லை. அன்று அவருடைய கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை. அவர் செய்தது ஒன்றுதான். தன்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கடவுளைப் பார்க்கத் தொடங்கினார். கணக்குப் பார்த்த உள்ளம் அன்பு செய்யத் தொடங்கியவுடன் அச்சம் அகன்றது.

பதுவையில் தெளிவு

1588இல் அவர் இத்தாலியின் பதுவை நகருக்குச் சட்டம் பயிலச் சென்றார். இயேசு சபைக் குரு அந்தோனியோ பொசெவீனோ அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக அமைந்தார். 1591இல் குடியியல் சட்டத்திலும் திருச்சபைச் சட்டத்திலும் முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் பாரிசில் உள்ளம் ஆறிய அதே கேள்வியை இங்கே அறிவும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

அகுஸ்தீனாரையும் அக்குவினாசையும் அவர் மீண்டும் கவனமாகப் படித்தார். அந்த இரு பெரும் மறைவல்லுநர்கள்மீது அவர் கொண்டிருந்த மதிப்பு சிறிதும் குறையவில்லை. ஆயினும் இந்த ஒன்றில், கடவுளின் இரக்கத்தை இன்னும் தெளிவாகக் காட்டும் விளக்கத்தையே தாம் ஏற்பதாகப் பணிவோடு எழுதி வைத்தார். கடவுள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் மீட்பர் என்று பொருள்படும் இயேசு என்பதே, தண்டிப்பவர் என்பதன்று. ஆகவே அவர் முதலில் விரும்புவது மீட்பையே. மனிதர் தம் அருளுக்கு இசைவார்களா மாட்டார்களா என்பதை அவர் முன்னறிகிறார், ஆனால் எவரையும் அழிவுக்கென்று படைப்பதில்லை. இதுவே பிரான்சிஸ் அடைந்த தெளிவு. பிற்காலத்தில் லெசியுஸ் என்ற இயேசு சபை இறையியலாருக்கு எழுதியபோதும் இக்கருத்தையே அவர் உறுதிப்படுத்தினார்.

திருச்சபையின் போதனையும் இதற்கு அரணாக நின்றது. கடவுள் எவரையும் தீமைக்கென்று முன்குறிப்பதில்லை என்று 529இல் ஒராஞ்ச் நகரில் கூடிய சங்கம் கூறியிருந்தது. அருள் முன்குறிக்கப்பட்டோருக்கு மட்டுமே கிடைக்கிறது, அழைக்கப்படும் மற்றவர் தீமைக்கென்று குறிக்கப்பட்டவர்கள் என்னும் கருத்தைத் திரெந்து பொதுச்சங்கம் 1547இல் மறுத்திருந்தது. ஆனால் அருளும் மனித விடுதலையும் எப்படி இணைந்து செயல்படுகின்றன என்பதில் தொமினிக்கன் சபையினருக்கும் இயேசு சபையினருக்கும் இடையே நீண்ட வாதம் நடந்தது. 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், இரு தரப்பில் எதையும் கண்டிக்காமல், ஒருவரையொருவர் பழித்துரைக்க வேண்டாம் என்று கூறி அதை முடித்து வைத்தார். மறைபொருளை முழுவதும் அளந்துவிட்டோம் என்று நம் திருச்சபையும் ஒருநாளும் சொன்னதில்லை.

கதவின் கீழே செருகப்பட்ட தாள்கள்

தந்தை தேடி வைத்த பெண்ணையும் பதவியையும் மறுத்து, பிரான்சிஸ் 1593 டிசம்பர் 18ஆம் நாள் குருவானார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், உறவினரான லூயி என்ற குருவோடு, ஜெனீவா ஏரியின் தென்கரையில் உள்ள ஷப்லே பகுதிக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். 1536இல் பெர்ன் நகரத்தார் கைப்பற்றியபோது கால்வினிய நெறிக்கு மாறிய பகுதி அது. தொனோன் நகரில் அப்போது கத்தோலிக்கர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. இரவில் நகரில் தங்குவது ஆபத்து என்பதால், அலாஞ்ச் மலைக்கோட்டையில் தங்கி, நாள்தோறும் பனியிலும் மழையிலும் நடந்து சென்று வந்தார். ஒருமுறை ஓநாய்களுக்குத் தப்ப மரத்தின்மேல் தம்மைக் கட்டிக்கொண்டு இரவைக் கழித்தார் என்றும் வரலாறு சொல்கிறது.

அவர் மறையுரை ஆற்றினார், கேட்க ஆளில்லை. மக்கள் அஞ்சினர், சிலர் வெறுத்தனர். எனவே அவர் எழுதத் தொடங்கினார். நம்பிக்கையை எளிய நடையில் விளக்கும் தாள்களை எழுதி, படியெடுத்து, வீட்டுக் கதவுகளின் கீழே செருகினார், பொது இடங்களில் ஒட்டச் செய்தார். அவருடைய காலத்துக்குப் பின் அத்தாள்கள் திரட்டப்பட்டு நூலாயின. அவர் பத்திரிகையாளரின் பாதுகாவலரானதன் தொடக்கம் இதுதான்.

முகம் தெரியாத அந்த வீட்டாருக்காக அவர் ஏன் இவ்வளவு பாடுபட்டார்? யார் தேர்ந்துகொள்ளப்பட்டவர், யார் தள்ளப்பட்டவர் என்று பார்த்து அவர் தாள்களைக் கொடுக்கவில்லை. மூடிய கதவு ஒவ்வொன்றின் பின்னாலும் கடவுள் மீட்க விரும்பும் ஒருவர் இருக்கிறார் என்பதை அவர் ஐயமற நம்பினார். முதலில் ஒருவர், பிறகு ஒருவர் என மனங்கள் திறந்தன. 1596ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் தொனோன் நகரின் புனித இப்போலித்து ஆலயத்தில் அவர் திருப்பலி நிறைவேற்றினார்.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 1598இல் சவோய் கோமகன் நேரில் வந்து, கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்ப மறுத்தோரைப் பதவிகளிலிருந்து நீக்கினார், சிலரை நாட்டைவிட்டு வெளியேறவும் செய்தார். ஆட்சியாளரின் கையைச் சமயப் பணிக்கு நாடும் அக்கால வழக்கத்திலிருந்து பிரான்சிசும் முழுவதும் விலகி நிற்கவில்லை. ஜெனீவாவில் திருப்பலிக்கு இடமில்லை, சவோயில் கால்வினிய வழிபாட்டிற்கு இடமில்லை என்பதே அன்றைய நிலை. நம்பிக்கையில் எவரையும் வற்புறுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகக் கற்பித்தது. கடவுளே வற்புறுத்தாதபோது நாம் எப்படி வற்புறுத்தலாம்? பிரான்சிசின் போதனையையே அதன் முடிவுவரை கொண்டு சென்றால் நாம் வந்து சேருமிடமும் அதுவே.

1597இல் திருத்தந்தை எட்டாம் கிளமெண்டின் விருப்பப்படி அவர் ஜெனீவாவுக்குள் சென்று, கால்வினின் வாரிசாக விளங்கிய தியோடர் பேசாவைச் சந்தித்தார். பேசா அப்போது எழுபது வயதைக் கடந்த முதியவர். முன்குறித்தல் போதனையைக் கால்வினைவிடவும் இறுக்கமாக வகுத்தளித்தவர் அவர். கத்தோலிக்கத் திருச்சபையில் இருந்துகொண்டே ஒருவர் மீட்படைய முடியுமா என்று பிரான்சிஸ் கேட்டதாகவும், முதியவர் தனியே சென்று நெடுநேரம் சிந்தித்துத் திரும்பி வந்து, முடியும் என்று சொன்னதாகவும் புனிதரின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பேசா தம் நெறியை மாற்றிக்கொள்ளவில்லை. 1605இல் ஜெனீவாவிலேயே காலமானார். ஆனாலும் அந்தக் கொடிய பகைமைக் காலத்தில் இருவரும் ஒரே அறையில் அமர்ந்து மரியாதையோடு பேசினார்கள் என்பதே நமக்கு ஒரு பாடம்.

பேராலயம் இல்லாத ஆயர்

1602 டிசம்பர் 8ஆம் நாள், தாம் பிறந்த தொரென்ஸ் ஊரின் ஆலயத்தில் பிரான்சிஸ் ஜெனீவாவின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே மாதத்தில் சவோய் கோமகனின் படை இரவோடு இரவாக ஏணி வைத்து ஜெனீவாவின் மதிலேற முயன்று தோற்றது. அதன்பின் அந்நகரின் கதவுகள் ஆயருக்கு இன்னும் இறுக மூடின. தம் பேராலயத்தில் அவர் ஒருநாளும் ஆயராக அமர்ந்ததில்லை. அன்னசியிலிருந்தே மலையூர்கள்தோறும் சென்று, சிறுவர்களுக்குத் தாமே மறைக்கல்வி கற்பித்தார்.

அந்நாள்களில் மார்ட்டின் என்ற இளைஞர் ஒருவரை அவர் சந்தித்தார். பிறவியிலேயே காது கேளாதவர், பேச இயலாதவர். நம்பிக்கை கேட்பதால் வருகிறது என்றால் கேளாதவருக்கு அது எப்படி வரும் என்று கேட்ட காலம் அது. ஆயர் அவரைத் தம் இல்லத்திலேயே வைத்துக்கொண்டு, சைகைகளால் மறையுண்மைகளைக் கற்பித்து, ஒப்புரவுக்கும் நற்கருணைக்கும் தயாரித்தார். இதனால் இன்று காது கேளாதோரும் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றனர். கடவுள் எல்லாரையும் மீட்க விரும்புகிறார் என்பதை அவர் வாதத்தால் மட்டும் நிலைநாட்டவில்லை, விரல்களாலும் நிலைநாட்டினார்.

1609இல் இல்லறத்தாருக்கென அவர் எழுதிய பக்தி வாழ்வு நூல் வெளிவந்தது. துறவியர் மட்டுமன்று, போர்வீரரும் வணிகரும் இல்லத்தரசியரும் தம்தம் நிலையிலேயே தூயோராகலாம் என்று அது கற்பித்தது. 1610இல் புனித ஜேன் பிரான்சிஸ் தெ ஷந்தாலுடன் இணைந்து, மரியாவின் சந்திப்பு சபையை அன்னசியில் நிறுவினார். கடும் தவமுயற்சிகளுக்கு உடல் இடம் தராத பெண்களுக்கும் அங்கே இடமிருந்தது.

இறையன்பைப் பற்றிப் பன்னிரண்டு பகுதிகளாக அவர் எழுதிய பெருநூல் 1616இல் வெளிவந்தது. பாரிசின் ஆறு வாரங்களுக்கு அவர் அளித்த முழுமையான விடை அதில்தான் உள்ளது. கடவுள் நம் மீட்பை உண்மையாகவே விரும்புகிறார், வெறும் பேச்சுக்கு அன்று. தம் கட்டளைகளாலும் ஆலோசனைகளாலும் உள்தூண்டுதல்களாலும் அவ்விருப்பத்தை நமக்குத் தெரிவிக்கிறார். மீட்படையப் போதுமான உதவியை ஒவ்வொருவருக்கும் தருகிறார். ஆனால் அன்பு கட்டாயப்படுத்தாது, கட்டாயப்படுத்தினால் அது அன்பாகாது. எனவே யாரேனும் அழிந்தால், கடவுள் அவரை விரும்பாததால் அன்று, அவர் கடவுளை ஏற்காததால்தான்.

மனிதனே தன் முயற்சியால் மீட்படைகிறான் என்று இதற்குப் பொருளா? இல்லை. அதை விளக்க அவர் ஒரு பறவையை உவமையாகக் காட்டுகிறார். அதன் கால்கள் மிகவும் குட்டையானவை என்பது அக்கால நம்பிக்கை. தரையில் விழுந்துவிட்டால் அதனால் தானாக எழும்ப முடியாது. காற்று வீசி அதைச் சற்றே தூக்க வேண்டும். அப்போது அது சிறகை விரித்தால் காற்று அதை மேலே கொண்டு செல்லும், விரிக்காவிட்டால் மீண்டும் விழும். காற்று முதலில் வருகிறது, அதுவே அருள். சிறகை விரிப்பது நம் இசைவு, அதற்கான வலிமையும் காற்று தந்ததே. கால்வின் காக்க விரும்பிய அருளின் முதன்மை இங்கே காக்கப்படுகிறது, அதோடு காற்று எல்லாப் பறவைகளுக்காகவும் வீசுகிறது.

அந்நூலிலேயே இன்னொரு கதையும் உண்டு. இனிமையாகப் பாடி வீணை போன்ற கருவியை மீட்டும் பாணன் ஒருவன் செவிடாகிவிட்டான். தன் பாட்டின் இனிமை இனி அவனுக்கு எட்டாது. ஆயினும் தன் தலைவனை மகிழ்விக்கவே அவன் தொடர்ந்து பாடினான். சில வேளைகளில் தலைவன் எழுந்து சென்றுவிட்டாலும் பாடிக்கொண்டே இருந்தான். இதைப் படிக்கும்போது, பாரிஸ் ஆலயத்தில் முழந்தாளிட்டிருந்த அந்தப் பத்தொன்பது வயது இளைஞரை நாம் காண்கிறோம்.

இரு வேறு வழிகள்

அந்நூல் வந்த இரண்டு ஆண்டுகளில், 1618 நவம்பரில், ஆலந்து நாட்டின் தோர்ட் நகரில் கால்வினிய சபைகளின் மாமன்றம் கூடியது. அருளை மனிதர் எதிர்த்து நிற்க முடியும், கிறிஸ்து எல்லாருக்காகவும் இறந்தார் என்று அர்மீனியுசைப் பின்பற்றியோர் கூறியதை அது ஆராய்ந்து, 1619இல் மறுத்தது. ஜெனீவாவும் தன் பேராளர்களை அனுப்பியிருந்தது. கிறிஸ்துவின் சாவு உலகம் முழுவதன் பாவத்திற்கும் போதுமான மதிப்புடையது, நற்செய்தி எல்லாருக்கும் அறிவிக்கப்பட வேண்டும், கடவுளின் அழைப்பு போலியானதன்று என்று அம்மாமன்றமும் கூறியது. ஆனால் அச்சாவின் மீட்கும் ஆற்றல் தேர்ந்துகொள்ளப்பட்டோரிடம் மட்டுமே பலன் தரவேண்டும் என்பதே கடவுளின் திட்டம் என்று முடிவு செய்தது. ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே திருநூலைக் கையில் ஏந்தியவர்கள், இரு வேறு வழிகளில் சென்றனர். பின்னர் ஜான்சனைப் பின்பற்றிய கத்தோலிக்கரிடமும் இதையொத்த கருத்து தலைதூக்கியபோது, 1653இல் திருத்தந்தை பத்தாம் இன்னசென்ட் அதைக் கண்டித்தார்.

1622 டிசம்பரில் பயணக் களைப்போடு லியோன் நகர் வந்த பிரான்சிஸ், தம் சபைச் சகோதரியரின் மடத்தில் நல்ல அறைகளை மறுத்து, தோட்டக்காரரின் சிறு குடிலில் தங்கினார். அங்கேயே பக்கவாதத்தால் தாக்குண்டு, டிசம்பர் 28ஆம் நாள், மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று, ஐம்பத்தைந்து வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் அன்னசியில் அடக்கம் செய்யப்பட்ட சனவரி 24ஆம் நாளே இன்று அவரது நினைவு நாள். 1665இல் புனிதராகவும் 1877இல் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். அவரைப் பாதுகாவலராகக் கொண்டு புனித தொன் போஸ்கோ தொடங்கிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்ததால் அவர் பெயர் நம் மண்ணிலும் வேரூன்றியது. அவர் இறந்த நானூறாம் ஆண்டு நிறைவில், 2022இல், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்று எழுதினார்.

கால்வினிய மரபும் நம் திருச்சபையும் இன்று பகைவர்களாக நிற்கவில்லை. மீட்பு அருளாலேயே வருகிறது என்று கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் 1999இல் வெளியிட்ட கூட்டறிக்கையோடு, சீர்திருத்த சபைகளின் உலக ஒன்றியம் 2017இல் தன்னை இணைத்துக்கொண்டது. முன்குறித்தல் பற்றிய வேறுபாடு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. அம்மரபிலும் இன்று அதைப் பலர் பலவாறு விளக்குகின்றனர். ஆனால் ஒருவர் மற்றவரின் மீட்பை மறுத்த காலம் மறைந்து வருகிறது.

அன்புக்குரியவர்களே, புனித பிரான்சிஸ் சலேசியார் நமக்கு விட்டுச்சென்ற பாடம் மிக எளியது. நான் மீட்படைவேனா என்ற கேள்வியை எத்தனை முறை நம்மையே கேட்டாலும் நமக்குள்ளிருந்து விடை வராது. நம் பாவங்களையோ நம் புண்ணியங்களையோ எண்ணிப் பார்த்தும் விடை வராது. சிலுவையில் கைகளை விரித்திருப்பவரைப் பார்த்தால், அவர் விரும்புகிறாரா என்று கேட்கத் தோன்றாது. அவருடைய விருப்பத்தில் ஐயம் இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் மிஞ்சுகிறது. இன்று, இந்த மணி நேரத்தில், நான் அவரை அன்பு செய்கிறேனா?

இவன் திருந்தமாட்டான், இவள் கதை முடிந்தது என்று நம் குடும்பத்திலோ பங்கிலோ நாம் யாரையேனும் எழுதி வைத்திருந்தால், அந்தப் பட்டியலையும் கிழித்தெறிவோம். கடவுள் மூடாத கதவை நாம் மூட வேண்டாம். குடிப்பழக்கத்தில் உழலும் மகன், ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிட்ட அண்டை வீட்டார், சிறையில் இருப்பவர், யாராக இருந்தாலும் அவர்கள் கதவின் கீழேயும் அன்பின் தாள் ஒன்றைச் செருகுவோம்.

விடை தெரியாத இரவுகளிலும் தொடர்ந்து அன்பு செய்யும் வரத்தை இப்புனிதரின் பரிந்துரையால் இறைவன் நமக்குத் தந்தருள்வாராக.